உயிர்த்த ஞாயிறு, பதினொரு மணிக்குள்

தவக்காலம் வந்தால் பெர்னடெட் பாவசங்கீர்த்தனத்துக்குப் போவாள். எட்டு வருடமாக அவள் சொல்லிவருவது ஒரே பாவம்தான். "சுவாமி, லெனாட்டை என்னாலை மன்னிக்க ஏலாமல் கிடக்கு." அந்தப் பங்கில் சுவாமிமார் மூன்று பேர் மாறிவிட்டார்கள், பாவம் மாறவில்லை. முதலாமவர் ஐந்து அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். அடுத்தவர் முழுச் செபமாலை. இப்போது இருப்பவர் இளம் ஆள். "முயற்சி செய்யுங்கோ அம்மா" என்றார். "நான் முயற்சி செய்யேல்லை சுவாமி, அதையும் சேத்துத்தான் சொல்லுறன்" என்று சொல்லிவிட்டு எழும்பி வந்தாள். பொய் சொல்லிப் பாவமன்னிப்பு வாங்குகிற பழக்கம் அவளுக்கு இல்லை.

லெனாட் குருநகரை ஒட்டிய அந்தக் கரையின் மீன் முதலாளி. வயதுக்கு 'அவர்' என்று சொல்ல வேண்டிய ஆள்தான். பெர்னடெட்டின் பக்கத்தில் நின்று கதை சொல்பவருக்கு அது வாயில் வராது. கரையில் இருந்த ஒரே ஐஸ் தொழிற்சாலையும் முன்பு அவனுடையதாகவே இருந்தது. அவனிடம் ஐஸ் எடுக்கிறவன் அவனுக்கே மீனைக் கொடுக்க வேண்டும். எழுதாத சட்டம் அது, ஆனால் எழுதிய எந்தச் சட்டத்துக்கும் அந்தக் கரை அவ்வளவு பயந்ததில்லை.

பெர்னடெட்டின் புருஷன் யாகோப்பு ஒரே ஒரு தடவை அந்தச் சட்டத்தை மீறினான். நல்ல அறக்குளா மீன் பட்ட நாள். நீர்கொழும்பிலிருந்து வந்த வேறு வியாபாரி ஒருவருக்கு மீனைக் கொடுத்துவிட்டான். லெனாட் சண்டைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் காலமை, சந்தை நிறைந்து நிற்கிற நேரம் பார்த்து, "யாகோப்பு மீனுக்குப் போர்மலின் அடிக்கிறான், பிணத்துக்கு அடிக்கிற மருந்து" என்று நாலு பேர் கேட்கச் சொன்னான். அவ்வளவுதான். மத்தியானத்துக்குள் அது கரை முழுக்கப் போய்விட்டது. இருபது வருடமாக யாகோப்புவிடம் மீன் வாங்கி விற்ற பெண்கள் பனையோலைக் கடகத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த படகுக்குப் போனார்கள். யாகோப்பு சந்தை நடுவில் அடுப்பு மூட்டி, தன் மீனைத் தானே அவித்துத் தின்று காட்டினான். பார்த்துக்கொண்டு நின்றார்கள், ஒருவரும் வாங்கவில்லை. படகை விற்றான். வேறு ஆளின் படகில் கூலிக்குப் போனான். இரண்டாம் வருடம் வலை இழுத்துக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குந்தியவன் எழும்பவில்லை.

சாவீட்டுக்கு லெனாட் மலர்வளையத்தோடு வந்தான். பெர்னடெட் அதை வாங்கி வாசலில் வைத்தாள். அன்று அவளுக்கு அழுகையைவிட வேறொன்று பெரிதாக இருந்தது. அந்தப் பொய்யைச் சொன்ன வாய்தான், அது பொய் என்று இந்தக் கரை கேட்கச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு அவன் வாழட்டும் சாகட்டும். அவள் உயிரை வைத்திருந்ததே அதற்காகத்தான் என்று சொன்னால் கூட்டிச் சொன்னதாகாது.

கடவுள் வழிவிட்டாரோ இல்லையோ, மின்சாரம் வழிவிட்டது. கரையின் மீனவர் சங்கம் சொந்தமாக ஒரு ஐஸ் தொழிற்சாலை போட்டது. பொறுப்பாளர் பெர்னடெட். அந்தக் காலத்தில்தான் நாட்டில் புதிதாக ஒரு பிரச்சினை கிளம்பியிருந்தது. முன்பெல்லாம் கரண்ட் இல்லை என்பதுதான் கவலை. இப்போது மத்தியானத்தில் கரண்ட் கூடிப்போய்விட்டது என்று கவலை. கூரைக்குக் கூரை சூரியத் தகடு, மன்னாரிலும் பளையிலும் காற்றாலை. வெயில் உச்சியில் நிற்கும்போது விளைகிற கரண்டை எடுக்க ஆளில்லாவிட்டால் முழு நாட்டு மின் இணைப்பும் ஆடத் தொடங்கும். ஆகவே மின்சார அலுவலகம் ஐஸ் போடுகிறவர்களையும் தண்ணீர் இறைக்கிறவர்களையும் தேடிப் பிடித்து ஒப்பந்தம் செய்தது: நாங்கள் கூப்பிடுகிற நேரத்தில் நீங்கள் மிசினை முழுதாக ஓட்ட வேண்டும், அந்த நேரத்துக் கரண்ட் ஏறக்குறைய சும்மா. கூப்பிட்டும் எடுக்காவிட்டால் உங்கள் இடம் பட்டியலில் அடுத்த ஆளுக்கு.

பெர்னடெட் ஓடிப்போய்க் கையெழுத்து வைத்தாள். மார்கழியிலிருந்து சங்கத்தின் ஐஸ் அரைவாசி விலைக்குப் போனது. படகு படகாக லெனாட்டை விட்டு வந்தார்கள். அவன் தொழிற்சாலை வாசல் அவளுடைய கந்தோர் அறை யன்னலுக்கு நேரே தெரியும். அங்கே லொறி குறையக் குறைய அவளுக்குத் தேத்தண்ணி இனித்தது. சீனி போடாமலே இனித்தது.

அந்த வருடம் சித்திரைப் புத்தாண்டும் பெரிய வெள்ளியும் ஒரே வாரத்தில் விழுந்தன. பெரிய வியாழன் தொடங்கினால் அந்தக் கரையில் ஒரு படகும் கடலைத் தொடாது. திங்கட்கிழமை விடிய சுவாமி வந்து தீர்த்தம் தெளிக்கும்வரை படகுக்குள் ஒரு கயிறைக்கூட வைக்கமாட்டார்கள், ஐஸ் எப்படி வைப்பார்கள்? இது ஊருக்கெல்லாம் தெரிந்தது. பெர்னடெட்டுக்கும் தெரியும். ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தபோது அவள் லெனாட்டைத்தான் நினைத்தாளே தவிர, கலண்டரை நினைக்கவில்லை. மிசின் ஓட்டுகிற சுரேஸோ திங்கட்கிழமைத் தேவைக்கென்று சனி பின்னேரமே தொட்டி முழுவதையும் ஐஸ் கட்டியாக இறுக்கி வைத்துவிட்டான்.

உயிர்த்த ஞாயிறு காலமைப் பூசை முடிந்து, பெர்னடெட் கோயில் வளவால் வெளியே வரும்போது தொலைபேசி அடித்தது. மின்சார அலுவலகத்தில் இந்தத் திட்டத்தைப் பார்க்கிற பொறியியலாளர் நிவேதனா.

"அன்ரி, திருநாள் வாழ்த்து. இண்டைக்குப் பதினொண்டிலையிருந்து மூண்டு மணி மட்டும் முழு மிசினும் ஓடவேணும்."

"தொட்டி நிறைஞ்சு கிடக்குப் பிள்ளை. இருநூற்று நாப்பது கட்டியும் இறுகிப்போச்சு. மிசினைப் போட்டாலும் பத்து நிமிசத்திலை தானா நிண்டிடும்."



"அன்ரி, புத்தாண்டு லீவு, ஈஸ்டர், ஞாயிறு, எல்லாம் ஒண்டாய் வந்திட்டுது. நாடு முழுக்கப் பூட்டு. வெயில் கொளுத்துது. பால் பொங்கினால் அடுப்பு அணையுது தானே, அப்பிடித்தான் இதுவும். எடுக்க ஆளில்லாமல் கரண்ட் கூடினால் முழு நாடும் இருண்டு போம்."

"எங்கடை ஒரு மிசினாலை நாடு நிமிருமோ?"

"உங்களை மாதிரி நூற்றுப் பத்து இடத்தைக் கூப்பிட்டிருக்கிறம். ஒவ்வொருத்தரும் தொட்டி நிறைஞ்சு போச்செண்டால் நாங்கள் எங்கை போறது? நீங்கள் எடுக்காட்டி ஒப்பந்தப்படி அடுத்த ஆளுக்குக் குடுக்கத்தான் வேணும். உங்கடை பக்கத்திலை அடுத்த பேர் லெனாட் ஐயான்ரை."

நிவேதனா அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும்? பெர்னடெட் எதிர் வாசலை நினைத்தாள். லெனாட்டின் தொட்டி சங்கத்தின் தொட்டியைவிடப் பெரிது. அந்தக் கரண்ட் அவன் கைக்குப் போனால் ஆவணிக்குள் எல்லாப் படகும் திரும்ப அவன் வாசலில் நிற்கும்.

"எடுப்பன்" என்றாள். "பதினொரு மணிக்கு எடுப்பன்."

சுரேஸைக் கூப்பிட்டுக் கணக்குப் போட்டாள். ஐஸ் கட்டிகளை வைக்கிற அறைக்கு இன்னும் கூரை போடவில்லை. கையில் இருக்கிற உமிக்கும் சாக்குக்கும் நூறு கட்டியை மூடலாம். அதை மூடி வைத்தால் திங்கள் விடிய இறங்குகிற படகுகளுக்குப் போதும். மற்ற நூற்று நாற்பது கட்டியும் இந்தத் தொட்டியை விட்டுப் போக வேண்டும், அதுவும் பதினொரு மணிக்குள். கட்டி உறைகிற பெட்டிகள் காலியாகி, அவற்றில் தண்ணீர் விட்டால்தான் மிசினுக்கு வேலை வரும்.

சங்கத் தலைவர் கிறகோரி, யாகோப்புவின் சொந்த அண்ணன், கோயில் வளவில் நின்ற ஆட்களைத் திரட்டிக்கொண்டு வந்தார். முப்பது பேர் இருக்கும். எல்லாரும் பூசைக்குப் போட்ட புது உடுப்போடு. காற்சட்டையை மடித்துவிட்டு, சப்பாத்தைக் கழற்றி வேலியோரம் வைத்துவிட்டு, கப்பியால் தூக்கி முதல் கட்டியை இறக்கினார்கள். முதலில் கரைக்கு உரிய நூறையும் நிழலில் அடுக்கி உமி போட்டு மூடினார்கள்.

அப்போது வாசலில் இரண்டு லொறி வந்து நின்றன. முன் லொறியிலிருந்து லெனாட் இறங்கினான்.

ஏழு நாள் கடலில் கிடந்து மயிலிட்டித் துறைக்கு வந்த பெரிய படகுகளின் மீன் முழுவதையும் அவன் சனிக்கிழமை வாங்கியிருந்தான். அன்று பின்னேரமே அவனுடைய மிசின் இறுகி நின்றுவிட்டது. திருத்துகிறவன் புத்தாண்டுக்கு ஊருக்குப் போய்விட்டான். வேறு ஐஸ் தொழிற்சாலை எல்லாம் பூட்டு. லொறியின் பின்கதவால் தண்ணீர் சிவப்பாக வடிந்துகொண்டிருந்தது.

பெர்னடெட் அந்தத் தண்ணீரைப் பார்த்தாள். எட்டு வருடத்தில் அவளுக்கு இப்படி ஒரு ஞாயிறு வந்ததில்லை.

"பெர்னடெட், ஐஸ் முழுக்க எனக்குத் தாரும்" என்றான் லெனாட். "நீர் கேக்கிற விலை."

"நூற்று நாப்பது கட்டி கிடக்கு. விலை ஒண்டுதான். யாகோப்பு மீனுக்கு மருந்து அடிக்கேல்லை, நான் சொன்னது பொய் எண்டு இந்த ஆக்களுக்கு முன்னாலை சொல்லும். ஏத்திக்கொண்டு போம்."

ஆட்கள் கையில் இருந்ததை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்கள். லெனாட் அவர்களைப் பார்த்தான். பிறகு மெல்லச் சிரித்தான்.

"செத்துப்போன ஆளுக்கு இனி என்ன பேர்? அலுவலைக் கதையும். உமக்கும் உது கரையப்போகுது, எனக்கும் மீன் பழுதாகுது."

அவன் சொன்னதில் கணக்குப் பிழை இல்லை. ஐஸை வைத்திருக்க அவளுக்கு இடமில்லை, வாங்க வேறு ஆளில்லை. அவளே தன்னிடம் தள்ளிவிடத்தான் வேண்டும் என்று அவன் நினைத்தான். அவனுடைய ஆயுளில் எல்லாரும் கடைசியில் அலுவலைத்தான் கதைத்தார்கள்.

"சுரேஸ்" என்றாள் பெர்னடெட். "எல்லாத்தையும் கடலுக்கை தள்ளுங்கோ."

சுரேஸ் நம்பாமல் பார்த்தான். "கடலுக்கையோ அக்கா?"

"ஓம். உவருக்கு முன்னாலை தள்ளுங்கோ. நல்லாய்ப் பாக்கட்டும்."

தொழிற்சாலைக்குப் பின்னால் இறங்குதுறை. பத்தடி தூரம்தான். முதல் கட்டி வழுக்கிக்கொண்டு போய் விழுந்தபோது தண்ணீர் அடித்து லெனாட்டின் வேட்டியை நனைத்தது. அடுத்தது விழுந்தது. அடுத்தது. ஆட்களுக்கும் ஒரு வெறி பிடித்துவிட்டது. இந்த மனுசனிடம் ஒரு கட்டிக்காகக் காலமை மூன்று மணிக்கு வரிசையில் நின்றவர்கள் அவர்கள். இப்போது ஐம்பது கிலோக் கட்டியைக் காலால் உதைத்துக் கடலில் தள்ளினார்கள். ஆழமில்லாத கடல், வெந்நீர் மாதிரிக் கிடந்தது. விழுந்த கட்டிகள் மிதந்து, ஒன்றோடொன்று முட்டி, கண்ணுக்கு முன்னாலேயே சிறுத்துக்கொண்டு வந்தன. காலியான பெட்டிகளில் சுரேஸ் குழாயால் தண்ணீர் விட்டுக்கொண்டு போனான்.

லெனாட் முதலில் சிரித்தபடி நின்றான். ஐம்பது கட்டி போனபோது சிரிப்பு நின்றது. விலையைக் கூட்டினான். பெர்னடெட் அடுத்த கட்டியைக் கையால் காட்டினாள். நூறு போனபோது பின் லொறிச் சாரதி வந்து காதுக்குள் ஏதோ சொன்னான். அதைக் கேட்கத் தேவையே இல்லை, மணம் வாசலுக்கு வந்துவிட்டது. இலையான் மொய்க்கத் தொடங்கியிருந்தது. பெர்னடெட் கதிரை ஒன்றைக் கொண்டுவந்து துறையோரம் போட்டு இருந்தாள். பூசைச் சேலையோடு, காலுக்கு மேல் கால் போட்டு இருந்தாள். வெட்கமில்லாமல் சொன்னால், அவள் சந்தோஷமாக இருந்தாள். அந்தச் சந்தோஷத்தை அடுத்த தவக்காலத்தில் சுவாமியிடம் சொல்வாள், அதற்காக மனம் வருந்தமாட்டாள்.

கடைசிக் கட்டியும் விழுந்தது. உமிக்குள் இருக்கிற கரையின் நூறு கட்டிதான் மிச்சம். மணி பத்தேகால்.

லெனாட் வாசலிலிருந்து உள்ளே நடந்து வந்தான். முகம் வியர்த்திருந்தது. பின் லொறியின் மீன் இனிச் சரிவராது. முன் லொறியை ஒரு நூறு கட்டி இருந்தால் காப்பாற்றலாம்.

"சொல்லுறன்" என்றான்.

"எனக்குச் சொல்லாதையும். இவைக்குச் சொல்லும்."

அவன் ஆட்களுக்கு நேரே திரும்பினான். "யாகோப்பு மீனுக்கு மருந்து அடிக்கேல்லை. நான்தான் அப்பிடிச் சொன்னனான். அது பொய்."

இந்த ஒரு வசனத்தை எட்டு வருடமாகப் பெர்னடெட் ஆயிரம் தடவை தலைக்குள் கேட்டிருந்தாள். அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்பதும் அவளுக்குப் பாடம். ஆட்கள் வாயில் கை வைப்பார்கள். யாராவது சிலுவை அடையாளம் போடுவார்கள். 'ஐயோ, தெரியாமல் அவனைக் கொன்றுபோட்டோமே' என்று ஒரு குரலாவது வரும். அவள் கதிரையை விட்டு எழும்பி, ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

ஒருவரும் திகைக்கவில்லை. ஒருவன் ஈரக்கையைக் காற்சட்டையில் துடைத்தான். இன்னொருவன் தன் சப்பாத்து எங்கே என்று வேலிப்பக்கம் பார்த்தான். மற்றவர்கள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கிறகோரிதான் வாய் திறந்தார். அவளுக்கு ஆறுதல் சொல்வதாகவே நினைத்திருப்பார்.

"விடு பிள்ளை. அது பொய் எண்டு எங்களுக்கு அப்பவே தெரியும்."

"எப்ப?"

"அண்டைக்கே. தம்பியின்ரை மீன் பெட்டியை இறக்கினது நான்தானே. மருந்து அடிச்ச மீன் எங்களுக்குத் தெரியாதே?"

"எல்லாருக்கும் தெரியுமோ?"

கிறகோரி மற்றவர்களைப் பார்த்தார். ஒருவரும் இல்லையென்று சொல்லவில்லை.

"என்ன செய்யிறது பிள்ளை? அப்ப ஐஸ் முழுக்க உவன்ரை கையிலை. வாய் திறந்திருந்தால் எங்கடை படகையும் கட்டிப்போட்டிருப்பான்."

யாகோப்பு சந்தை நடுவில் மீனை அவித்துத் தின்றபோது இந்த முப்பது பேரும் சுற்றி நின்றார்கள். அவன் முள்ளை எடுக்கவும் பொறுமையில்லாமல் தின்றான். உண்மை தெரியாத ஆட்களுக்கு விளங்கவைக்கிறேன் என்று நினைத்துத்தான் தின்றான். அவன் அண்ணனும் அங்கே நின்றார். லெனாட் ஒரு பொய்யன், அது பெர்னடெட்டுக்குத் தெரியும். அவனை வெறுத்து வெறுத்து அவள் மற்றவர்களை எல்லாம் ஏமாந்தவர்கள் என்று மன்னித்து வைத்திருந்தாள். அவர்களுக்குத் திருநாள் வாழ்த்துச் சொன்னாள். அரைவாசி விலைக்கு ஐஸ் கொடுத்தாள்.

லெனாட்டைத் திரும்பிப் பார்த்தாள். வேட்டி நனைந்து, இலையான் மொய்க்க நின்றான். அவன்மேல் அவள் வைத்திருந்த கோபம் இப்போது ஒருவனுக்கு மட்டும் கொடுக்க முடியாத அளவு பெரிதாகத் தெரிந்தது.

"முன் லொறியைப் பின்னாலை எடும்" என்றாள் அவனிடம். பிறகு சுரேஸிடம், "உமியை விலக்கு."

"அக்கா, அது நாளைக்கு கரைக்கு வைச்சது."

"தெரியும். நூறையும் ஏத்து. விலை குடுத்திட்டார்."

கிறகோரி முன்னால் வந்தார். "பிள்ளை, என்ன கதை இது? நாலு நாளா ஒருத்தரும் கடலுக்குப் போகேல்லை. நாளைக்கு விடியச் சுவாமி வருவார், படகுகள் இறங்கவேணும். ஐஸ் இல்லாமல் எங்கை போறது?"

"தொட்டியிலை இப்பதான் தண்ணி விட்டது. கட்டியாக நாளைக்கு மத்தியானம் திரும்பும்."

"அப்ப நாங்கள்?"

"எட்டு வருசம் வாய் திறக்காமல் இருந்தனீங்கள்" என்றாள் பெர்னடெட். "ஒரு நாள் கரையிலை இருக்க ஏலாதோ?"

ஒருவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பக்கத்தில் நின்றவன் அவன் கையைப் பிடித்தான். தொழிற்சாலைப் பூட்டின் திறப்பு பெர்னடெட்டின் இடுப்பில் இருந்தது. நாளைக்கு மட்டுமில்லை, நாளை மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் ஐஸ் அவள் கையில்தான் இருக்கப்போகிறது. அதை அவர்கள் சட்டென்று விளங்கிக்கொண்டார்கள். அந்த மாதிரி விடயம் அவர்களுக்கு எப்போதும் சட்டென்று விளங்கும். ஒருவர் பின் ஒருவராகக் குனிந்து, தங்கள் திங்கட்கிழமையைத் தாங்களே தூக்கி லெனாட்டின் லொறியில் அடுக்கினார்கள். கிறகோரியும் தூக்கினார்.

லெனாட் போகும்போது அவளுக்குத் தலையை ஆட்டினான். அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

பதினொரு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் உள்ளே போய் மிசினைப் போட்டாள். கட்டிடம் அதிர்ந்தது. தொலைபேசியில் நிவேதனா வந்தாள்.

"எடுக்குது அன்ரி, நல்லா எடுக்குது. எல்லா இடமும் எடுக்கினம். இனிப் பயமில்லை. உங்களுக்குக் கரைச்சல் ஒண்டும் இல்லையே?"

யன்னலால் பார்த்தால் ஆட்கள் நனைந்த புது உடுப்போடு வெயிலில் நிற்பது தெரிந்தது. ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. அவள் வெளியே வந்து ஏதாவது சொல்வாள் என்று காத்துக்கொண்டு நின்றார்கள்.

"ஒரு கரைச்சலும் இல்லைப் பிள்ளை" என்றாள் பெர்னடெட். "மிச்சம் கிடக்கிற கரண்ட் எல்லாத்தையும் எனக்கே தா. எவ்வளவு தந்தாலும் எடுப்பன்."